தட்டைப் பார்த்துச் சாப்பிடுவோம்: சர்க்கரை நோயும் கவனத்துடன் உண்ணும் பழக்கமும்



கோட்டைமேடு, உக்கடம், கரும்புக்கடை, குனியமுத்தூர், போத்தனூர் என்று நம் மக்கள் வாழும் எந்தப் பகுதிக்குப் போனாலும், சர்க்கரை மாத்திரை டப்பா இருக்கும் வீடுகள் ஏராளம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏழு பேரில் ஒருவருக்கு, இந்த நோய் இருக்கிறது.

இது நகரத்து நோய், உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு வரும் நோய் என்று முன்பு சொல்வார்கள். நம் கொங்கு வட்டாரத்து விவசாயக் கிராமமான நல்லாம்பட்டியில் கோவை மருத்துவர்கள் 2015-ல் ஆய்வு செய்தபோது, காட்டு வேலை செய்யும் மக்களிடமும் இந்த நோய் பரவலாக இருப்பது தெரிந்தது. லேத் பட்டறையில் நிற்பவர், இறைச்சிக் கடையில் வெட்டுபவர், பனியன் கம்பெனியில் தையல் மிஷின் முன் அமர்பவர், வீட்டில் நாள் முழுக்க அடுப்படியில் இருப்பவர் என்று யாரையும் இது விட்டுவைப்பதில்லை.

இந்த இதழில் நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றே. எதைச் சாப்பிடக் கூடாது என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்திருந்தும், சர்க்கரை ஏன் இறங்க மறுக்கிறது?

பட்டியல் தெரியும், கை நிற்பதில்லை

சர்க்கரை வந்தவரிடம் கேட்டுப் பாருங்கள். இனிப்பு கூடாது, சோறு குறைக்க வேண்டும், பொரித்தது ஆகாது, நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்ன அனைத்தையும் ஒப்பிப்பார்கள். ஆனால் நடப்பது வேறு. டாக்டரிடம் போவதற்கு முந்தைய நான்கு நாட்கள் பத்தியம். ரிசல்ட் பார்த்தபின் பழையபடி. அல்லது வீட்டில் எல்லோரும் பார்க்கச் சப்பாத்தி, யாரும் பார்க்காதபோது பேக்கரியில் தேங்காய் பன். "அத்தா சர்க்கரைக்காரர், அவருக்கு வைக்காதே" என்று பிள்ளைகள் எல்லோர் முன்னும் சொல்லும்போது அவருக்கு நோயின் வலியைவிட அந்தச் சொல்லின் வலி பெரிதாகிறது. விளைவு, ஒளித்துச் சாப்பிடுவது. ஒளித்துச் சாப்பிடுபவர் அவசரமாகச் சாப்பிடுவார். அவசரமாகச் சாப்பிடுபவர் அதிகமாகச் சாப்பிடுவார். பிறகு குற்ற உணர்வு, மறுநாள் பட்டினி, அதன் பிறகு மீண்டும் அடங்காத பசி.

தடைப் பட்டியல் மட்டும் போதாது என்பதை மருத்துவ உலகமும் உணர்ந்திருக்கிறது. அந்தப் பட்டியலோடு இன்னொன்றும் தேவை. அது கவனம். சாப்பிடும் நேரத்தில் சாப்பாட்டில் இருப்பது. இதைத்தான் ஆங்கிலத்தில் 'மைண்ட்ஃபுல் ஈட்டிங்' என்கிறார்கள். தமிழில் கவனத்துடன் உண்ணுதல் என்று சொல்லலாம்.

கவனத்துடன் உண்பது என்றால் என்ன?

இது ஒரு டயட் அல்ல. எந்த உணவையும் ஹராம் போல ஒதுக்கச் சொல்வதும் அல்ல. சாப்பிடும் முன் எனக்கு உண்மையிலேயே பசிக்கிறதா என்று பார்ப்பது, சாப்பிடும்போது உணவின் ருசியை, மணத்தை, சூட்டைக் கவனிப்பது, வயிறு போதும் என்று சொல்லும் இடத்தில் நிறுத்துவது. அவ்வளவுதான். போன், டிவி, சண்டை, அவசரம் ஆகியவற்றோடு உண்ணும்போது இந்த மூன்றும் தவறிப்போகின்றன.

இதன் பின்னால் உடலின் ஓர் எளிய ஏற்பாடு இருக்கிறது. உணவு வயிற்றை நிரப்பும்போதும் குடலை எட்டும்போதும் சில ஹார்மோன்கள் சுரந்து, நரம்புகள் வழியாகவும் இரத்தம் வழியாகவும் மூளைக்குப் 'போதும்' என்ற செய்தியை அனுப்புகின்றன. அந்தச் செய்தி முழுமையாகப் போய்ச் சேர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகலாம். ஷிப்டுக்கு நேரமாகிறது என்று 7 நிமிடத்தில் தட்டைக் காலி செய்பவருக்கு அந்தச் செய்தி வந்து சேரும்போது, இரண்டாம் முறை வாங்கிய சோறும் வயிற்றுக்குள் போயிருக்கும்.

அமெரிக்காவில் ஜீன் கிறிஸ்டெல்லர் என்ற உளவியல் பேராசிரியர், கட்டுப்பாடின்றி உண்ணும் பழக்கம் உள்ளவர்களுக்காக இந்த முறையில் ஒரு பயிற்சியை உருவாக்கினார். பின்னர் அதைச் சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். 2012-ல் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கார்லா மில்லர் குழுவினர் இதைச் சோதித்த ஆய்வு வெளியானது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 52 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கவனத்துடன் உண்ணும் பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு வழக்கமான சர்க்கரை நோய் உணவுக் கல்வி. இரண்டு பிரிவினருக்கும் எடை குறைந்தது, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் குறைந்தது. இரண்டுக்கும் இடையே குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை.

இது சிறிய ஆய்வுதான். ஆனாலும் நமக்கு இதில் பாடம் இருக்கிறது. கவனத்துடன் உண்பது மந்திரம் அல்ல, வழக்கமான ஆலோசனையைத் தோற்கடித்துவிடவும் இல்லை. அதே நேரம் அது வெறும் பேச்சும் அல்ல. பட்டியலை மனப்பாடம் செய்தும் பலன் காணாதவருக்கு இது இன்னொரு வாசல். மாத்திரை, பரிசோதனை, நடைப்பயிற்சி ஆகியவற்றோடு சேர்த்துப் பின்பற்ற வேண்டிய பழக்கம்.

உடல் சொல்வதும் மீட்டர் சொல்வதும்

அந்தப் பயிற்சியில் ஒரு நல்ல கருத்து உண்டு. உள்ளிருந்து வரும் அறிவு, வெளியிலிருந்து வரும் அறிவு என்று இரண்டையும் பயன்படுத்தச் சொல்கிறார்கள். பசி, நிறைவு, ருசி பற்றி உடல் சொல்வது உள்ளறிவு. எந்த உணவில் எவ்வளவு மாவுச்சத்து, என் சர்க்கரை அளவு என்ன, என் மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பது வெளியறிவு.

சர்க்கரை நோயாளிக்கு உள்ளறிவு மட்டும் போதாது. காரணம், இந்த நோயில் பசியே சில நேரம் தவறான தகவல் தரும். இரத்தத்தில் சர்க்கரை மிக அதிகமாக இருக்கும்போதும் கடும் பசி எடுக்கும். இரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும், இன்சுலின் போதாததால் அது செல்களுக்குள் போக முடிவதில்லை. செல்கள் பட்டினியில் இருப்பதாக உடல் நினைக்கிறது. மறுபுறம், சர்க்கரை திடீரென இறங்கினாலும் கடும் பசி வரும். அதனுடன் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு இருக்கும். ஒன்றில் சாப்பிட்டால் கெடுதல், மற்றொன்றில் சாப்பிடாவிட்டால் ஆபத்து. இரண்டையும் வயிறு ஒரே குரலில்தான் சொல்லும்.

ஆகவே வழக்கத்துக்கு மாறான பசி எடுத்தால், முடிந்தவரை முதலில் குளுக்கோ மீட்டரைக் கேளுங்கள், பிறகு தட்டை எடுங்கள். பார்த்துக்கொண்டிருக்க வழியில்லை, நடுக்கமும் வியர்வையும் இருக்கிறது என்றால் சர்க்கரை இறங்கிவிட்டதாகவே எடுத்துக்கொண்டு உடனே இனிப்பு சாப்பிட வேண்டும். அது பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

நம் உணவு முறையில் ஏற்கெனவே இருப்பவை

கவனத்துடன் உண்ணும் பயிற்சியில் சொல்லித்தரும் பலவும் நமக்குப் புதியவை அல்ல. உண்ணும் முன் கை கழுவி, அமர்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, வலது கையால், தனக்கு அருகிலிருப்பதிலிருந்து உண்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம். வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற கருத்துடைய நபிமொழி திர்மிதி, இப்னு மாஜா தொகுப்புகளில் இருக்கிறது. உண்ணுங்கள், பருகுங்கள், வரம்பு மீறாதீர்கள் என்ற கருத்தை ஜும்ஆ பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம்.

பிஸ்மில்லாஹ்வைப் பழக்கத்தால் வாய் சொல்லிவிடுகிறது. கண் போனில் இருக்கிறது. அதே பிஸ்மில்லாஹ்வை ஒரு நிமிட நிதானத்தோடு சொன்னால், அந்த ஒரு நிமிடமே மருத்துவர்கள் சொல்லித்தரும் பயிற்சியின் முதல் படியாகிவிடும். சுன்னத்தைப் பேணுவது இறைவனின் பொருத்தத்துக்காக. அதைப் பேணினால் மாத்திரை வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது.

சாப்பிடும் முன், நடுவே, பின்

முன்: தட்டைத் தொடும் முன் மனதில் ஒரு கேள்வி. என் பசி பத்துக்கு எத்தனை? மூன்று நான்கு என்றால் அது பசியா, சலிப்பா, கோபமா, தாகமா என்று பாருங்கள். வேலையில் முதலாளி திட்டினார், மகளின் கல்யாணக் கடன் நினைவுக்கு வந்தது, தூக்கம் இல்லை. இவையெல்லாம் கையை மிக்சர் டப்பா பக்கம் இழுக்கும். காரணம் பசி இல்லை என்று தெரிந்தாலே பாதி வெற்றி. ஒரு டம்ளர் தண்ணீர், இரண்டு தெரு நடை, ஒளூ செய்து இரண்டு ரக்அத், மனதுக்குப் பிடித்தவரிடம் பேச்சு என்று அந்தந்தக் காரணத்துக்கு ஏற்ற மருந்து வேறு இருக்கிறது.

நடுவே: முதல் மூன்று கவளத்தைப் பேசாமல் சாப்பிடுங்கள். ருசியைக் கவனியுங்கள். ஒரு கவளம் விழுங்கிய பிறகே அடுத்ததைப் பிசையுங்கள். பாதித் தட்டில் கையை நிறுத்தி, வயிறு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பிடித்த உணவின் முதல் சில கவளங்கள்தான் மிகுந்த ருசி தரும். பத்தாவது கவளத்தில் அந்த ருசி இருக்காது. பிரியாணி ஆனாலும் ஹல்வா ஆனாலும் இதே கதைதான். ருசி குறையும் இடத்தைக் கவனித்தவருக்கு நிறுத்துவது எளிது.

பின்: மறுசோறு வேண்டும் என்று தோன்றினால் பத்து நிமிடம் பொறுங்கள். பசி இருந்தால் பொரியலோ பருப்போ எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சொன்ன நாட்களில், சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்த்து, என்ன சாப்பிட்டோம் என்பதோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பலருக்கும் மருத்துவர்கள் சொல்லும் இலக்கு 180-க்குக் கீழே. உங்கள் இலக்கு உங்கள் மருத்துவர் சொன்னதுதான். நான்கு வாரம் எழுதினால், எந்தச் சாப்பாடு நம் உடம்பில் என்ன செய்கிறது என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.

நம் தட்டில் உண்மையில் என்ன இருக்கிறது?

காலையில் இட்லி அல்லது புரோட்டா, மதியம் சோறு, சாயங்காலம் பேக்கரி டீயும் பன்னும், இரவு தோசை அல்லது மீண்டும் சோறு. கணக்குப் பார்த்தால் நாள் முழுக்க மாவுச்சத்துதான். 2025-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, இந்தியர்கள் பெறும் சக்தியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதுவும் பெரும்பாலும் தீட்டிய அரிசி, மைதா, சர்க்கரை. அந்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றுவதால் மட்டும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் பொருள் போன்ற புரதத்தை வைத்தபோதுதான் ஆபத்து குறைவதாகத் தெரிந்தது.

சோற்றை விட்டுவிட்டேன், ஐந்து சப்பாத்தி சாப்பிடுகிறேன் என்பவரும், ராகிக் களிதானே என்று பெரிய உருண்டையாக உண்பவரும் இதைக் கவனிக்க வேண்டும். கம்பும் ராகியும் நல்ல தானியங்கள். ஆனால் அளவு என்ற கதவு திறந்திருந்தால் நல்ல தானியமும் சர்க்கரையாகத்தான் உள்ளே போகும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் ஆகியவையும் இரத்தச் சர்க்கரையை ஏற்றுபவைதான். வெள்ளைச் சர்க்கரை இல்லை என்பதால் கணக்கில் வராமல் போகாது.

டீயைப் பாருங்கள். ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம். டீக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு நான்கு டீ என்றால் 32 கிராம். பெரியவர் ஒருவர் ஒரு நாளில் எடுக்கும் கூடுதல் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீ கணக்கிலேயே அது தாண்டிவிட்டது. இதையெல்லாம் நாம் சாப்பாடு என்றே கருதுவதில்லை. கவனம் இல்லாமல் போவது பெரும்பாலும் இங்கேதான்.

சாப்பிடும் வரிசையும் முக்கியம். 2015-ல் நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் சர்க்கரை நோயாளிகள் 11 பேருக்கு ஒரே உணவை இரண்டு நாட்களில் வரிசை மாற்றிக் கொடுத்தார்கள். காய்கறியும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று உண்ட நாளில், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை, ரொட்டியை முதலில் உண்ட நாளைவிட 37 சதவீதம் குறைவாக இருந்தது. மிகச் சிறிய ஆய்வுதான், ஆனால் செலவில்லாத பழக்கம். வீட்டில் செய்து பார்க்கலாம். முதலில் கீரை, பொரியல், வெள்ளரிக்காய். அடுத்து பருப்பு, முட்டை, மீன், கறி. கடைசியில் சோறு. கொங்கு வீடுகளின் கொள்ளுப் பருப்பும் தட்டைப்பயறுக் குழம்பும் இதற்கு நன்றாகப் பொருந்தும். அரிசியும் பருப்பும் சேர்த்துச் செய்யும் அரிசிம்பருப்புச் சாதத்தில் அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டிக்கொள்ளலாம்.

கடைசியாகச் சாப்பிடும் அம்மாவைப் பற்றி

சர்க்கரை வந்த ஆண் என்றால் வீடே அவருக்காகச் சமைக்கும். சர்க்கரை வந்தவர் அம்மா என்றால்? எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மூன்று மணிக்கு மேல், அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடி, பாத்திரத்தில் மிச்சமிருப்பதைச் சாப்பிடுவார். பொரியல் தீர்ந்திருக்கும், மீன் துண்டு தீர்ந்திருக்கும். சோறும் குழம்பும் மட்டும் இருக்கும். பேரப்பிள்ளை பாதியில் விட்ட இட்லி, மகன் வைத்துவிட்டுப் போன பரோட்டா எல்லாம் வீணாகக் கூடாது என்று அவர் வயிற்றுக்குத்தான் போகும்.

உணவை வீணாக்குவது நமக்குத் தகாது என்பது உண்மை. ஆனால் நோயுற்ற ஒருவரின் உடலில் அதைக் கொட்டுவது வீண்விரயத்தைத் தடுப்பதாகாது. உணவு வீணாகாமல் இருக்க வழி, அளந்து சமைப்பதும், சமைத்ததும் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைப்பதும், குழந்தைக்குக் குறைவாக வைத்துக் கேட்டால் மீண்டும் வைப்பதும்தான்.

மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் பெண் நேரம் தவறிச் சாப்பிடுவது ஆபத்து. சகோதரர்களே, இதில் பொறுப்பு நம்முடையது. அம்மா, நன்னி, மனைவி யாராக இருந்தாலும், அவர்கள் தட்டில் காயும் கறியும் விழுந்த பிறகே நாம் முதல் கவளம் எடுப்போம் என்று ஒரு வழக்கத்தை வீட்டில் கொண்டுவருவோம். ஒருவர் பரிமாறிக்கொண்டே இருக்க மற்றவர்கள் உண்பதை விட, எல்லாவற்றையும் நடுவில் வைத்து எல்லோரும் சேர்ந்து உட்காருவது பரக்கத்தும் ஆகும், மருத்துவமும் ஆகும்.

வலீமா விருந்தில்

கல்யாண வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது, போகவும் வேண்டும். காலையிலிருந்து பட்டினி கிடந்து போய் உட்காராதீர்கள். அது இரட்டிப்பாகச் சாப்பிட வைக்கும், மருந்து எடுத்தவருக்குச் சர்க்கரை இறங்கவும் வைக்கும். தட்டு வந்ததும் முதலில் தயிர்ப் பச்சடி, தாளிச்சாவில் உள்ள காய், பிறகு பிரியாணியில் உள்ள கறித்துண்டு, அதன் பிறகு சோறு. பிரெட் ஹல்வா வேண்டும் என்றால் அந்த நேரத்துச் சோற்றில் அதற்கு இடம் ஒதுக்கி, இரண்டு ஸ்பூனை நிதானமாக ருசித்து உண்ணுங்கள். ஒளித்து உண்ணும் ஒரு கிண்ணத்தை விட, எல்லோர் முன்னும் ருசித்து உண்ணும் இரண்டு ஸ்பூன் எவ்வளவோ மேல்.

விருந்து கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். 'ஒரு நாளில் என்ன ஆகிவிடும், சாப்பிடுங்க மாமு' என்று இன்னொரு கரண்டி போடுவதை அன்பு என்று நினைக்கிறோம். போதும் என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே ஏற்பதும் விருந்தோம்பல்தான். பந்தியில் ஒரு காய்கறிக் கூட்டும், சர்க்கரை போடாத டீயும் கேட்காமலே வைத்திருந்தால் எத்தனையோ பேர் வெட்கப்படாமல் சாப்பிட்டுப் போவார்கள்.

ரமலானில்

ரமலான் வந்துவிட்டால் இந்தப் பழக்கத்துக்குப் பெரிய சோதனை. 13 நாடுகளில் 12,000-க்கும் அதிகமான முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த எபிடியார் ஆய்வு 2004-ல் வெளியானது. ரமலான் மாதத்தில் கடுமையாகச் சர்க்கரை இறங்குவது இரண்டாம் வகை நோயாளிகளிடம் 7 மடங்குக்கு மேலும், முதல் வகை நோயாளிகளிடம் 4 மடங்குக்கு மேலும் கூடியதாக அது காட்டியது.

நோன்பு வைக்க விரும்புபவர்கள் ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, நோன்பு வைக்கலாமா, மருந்தின் அளவையும் நேரத்தையும் எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நோன்பின்போது சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேலே ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது சர்வதேச சர்க்கரை நோய்க் கூட்டமைப்பின் வழிகாட்டுதல். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது நோன்பை முறிக்காது என்பது பெரும்பாலான உலமாக்களின் கருத்து. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. களாவா, ஃபித்யாவா என்பதை நம் பள்ளி இமாமிடம் கேட்டுத் தெளியலாம். அந்தச் சலுகையை ஏற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நோன்பு திறக்கும் நேரம்தான் கவனத்துடன் உண்ணப் பழகச் சிறந்த நேரம். கவனத்துடன் உண்ணும் பயிற்சி வகுப்புகளில் ஓர் உலர் திராட்சையைக் கையில் கொடுத்து, பார்த்து, முகர்ந்து, மெதுவாக மென்று உண்ணச் சொல்வார்கள். நம் கையில் பேரீச்சம்பழம் இருக்கிறது. ஒன்றை எடுத்து அப்படி உண்டு பாருங்கள். சாதாரணச் சிறிய பேரீச்சையில் 5, 6 கிராம் மாவுச்சத்து. பெரிய மெட்ஜூல் வகையில் சுமார் 18 கிராம். மூன்று என்ற எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் கணக்கு வேறு. பிறகு தண்ணீர், அளவாக நோன்புக் கஞ்சி. மஃரிப் தொழுதுவிட்டு வந்து மீதி உணவு. கஞ்சி, சமோசா, சர்பத், அதன்மேல் இரவுச் சாப்பாடு, தராவீஹ் முடிந்து டீயும் பன்னும் என்று அடுக்கினால் பகல் முழுக்க இருந்த பட்டினியால் உடலுக்குப் பலன் கிடைக்காமல் போகும். சஹரைத் தவிர்க்காதீர்கள், முடிந்தவரை கடைசி நேரத்தில் உண்ணுங்கள்.

இதை மறக்காதீர்கள்

கவனத்துடன் உண்ணத் தொடங்கியதும் உணவின் அளவு இயல்பாகக் குறையும். இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு உணவு குறைந்து மருந்து குறையாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். ஆகவே தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை நாமாகக் குறைக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

நடுக்கம், வியர்வை, தலைசுற்றல், குழப்பமான பேச்சு வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சர்க்கரை பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள். கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறது, அடிக்கடி வாந்தி வருகிறது என்றால் அது கட்டுப்பாடு அல்ல. நாள்பட்ட சர்க்கரையால் வயிற்று நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள். பணவசதி இல்லாதவர்களுக்கு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சிகிச்சை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நம் தெருவில் தனியாக இருக்கும் பெரியவர்கள் பெயர் அதில் சேர்ந்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்போம்.

ஒரு வாரம் பழகிப் பார்ப்போம்

முதல் நாள், ஒரு வேளையாவது டிவியும் போனும் இல்லாத சாப்பாடு. இரண்டாம் நாள், முதல் மூன்று கவளம் மௌனம். மூன்றாம் நாள், காய் முதலில், சோறு கடைசியில். நான்காம் நாள், டீயில் சர்க்கரை பாதி. ஐந்தாம் நாள், பாதித் தட்டில் ஒரு நிமிட நிறுத்தம். ஆறாம் நாள், வீட்டுப் பெண்கள் உட்பட எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உண்பது. ஏழாம் நாள், நோட்டை எடுத்து வீட்டார் சேர்ந்து பார்ப்பது. ஏதாவது ஒரு நாள் தவறினால் தவறிப்போகட்டும். அடுத்த வேளையில் மீண்டும் பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கலாம்.

இதை நோயாளி மட்டும் செய்யக் கூடாது, வீடே செய்ய வேண்டும். அத்தாவுக்குத் தனித் தட்டு, தனிச் சமையல் என்று ஒதுக்கும் வீட்டில் அவர் ஒளித்துத்தான் உண்பார். எல்லோர் தட்டிலும் காய் கூடிச் சோறு குறைந்த வீட்டில் அவருக்கு ஒளிக்க ஒன்றும் இருக்காது. அந்தத் தட்டில் உண்டு வளரும் பிள்ளைகளுக்கும் நாளை இந்த நோய் தள்ளிப்போகும், இன்ஷா அல்லாஹ். சென்னையில் நடந்து 2006-ல் வெளியான இந்தியச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில், நோயின் வாசலில் நின்றவர்கள் உணவையும் நடையையும் சீர்செய்ததால் மூன்றாண்டுகளில் நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. நம் மக்களால் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நோயுற்ற நம் சகோதர சகோதரிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. நம் உணவில் பரக்கத்தையும் உடலில் ஆஃபியத்தையும் தருவானாக. ஆமீன்.